தவளம் முதல் கொள்கலன் வரை: ஒரு கண்டிச் சாமான் கடையின் இரண்டு விலைக் கணக்கு

என் உம்மாவின் வாப்பாவை நாங்கள் 'அப்பா' என்றுதான் கூப்பிடுவோம். கட்டுகஸ்தோட்டையிலிருந்து மாத்தளைக்குப் போகும் பாதையோரத்தில் அவருக்கு ஒரு சாமான் கடை இருந்தது. மிளகு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ, பாக்கு என்று கிராமத்துத் தோட்டங்களில் விளைகிற எதையும் வாங்குவார். 1970களின் முற்பகுதியில், பாடசாலை விடுமுறைகளில், அவரது தராசுக்குப் பக்கத்தில் நின்று சாக்கு பிடித்தவன் நான். கடை இல்லாமல் போய் நெடுங்காலம். அண்மையில் வீட்டுக் கூரையைத் திருத்தும்போது பரணிலிருந்து அவருடைய கணக்குக் கொப்பிகள் மூன்று கிடைத்தன. மழையில் நனைந்து, கரையான் தின்றது போக எஞ்சியவை.

வரவு ஒவ்வொன்றுக்கும் நேரே ஊரின் பெயர், தோட்டக்காரரின் பெயர், அந்தர், இறாத்தல். ஓரத்தில் ஓர் அறபு எழுத்து, சில வரிகளில் அலிப், சில வரிகளில் பே. அலிப் போட்ட வரிகளில் விலை கூட. பே போட்ட வரிகளில் குறைவு. ஒரே நாளில், ஒரே ஊரிலிருந்து வந்த மிளகுக்கு இரண்டு விலை! பழங்களையும் மரக்கறிகளையும் வாசனைத் திரவியங்களையும் வெளிநாட்டுச் சந்தைக்கு அனுப்புவது பற்றி இன்று 'பெறுமதிச் சங்கிலி' என்ற பெயரில் எவ்வளவோ பேசப்படுகிறது. அந்தச் சங்கிலியின் நடுவில் பல நூறு வருடங்களாக நின்ற ஒரு சமூகத்தின் பங்கை இந்த இரண்டு எழுத்துகளிலிருந்து பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

கண்டியிலிருந்து கடல் தாண்டிப் போன சரக்குகளில் பாக்குக்குப் பெரிய இடமுண்டு. 1660இல் சிறைப்பட்டு 1679இல் தப்பிய ரொபர்ட் நொக்ஸ், அந்தக் காலத்தில் ஒரு பகுதியை உடுநுவரையைச் சேர்ந்த எலதெத்தையில் கழித்தவர். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூல், இந்நாட்டுப் பாக்கு சோழமண்டலக் கரையோடு நடந்த வியாபாரத்தின் முக்கிய சரக்கு என்று சொல்கிறது. அவரே தப்பிப்போனது ஊர் ஊராகச் சில்லறைச் சாமான் விற்பவரின் வேஷத்தில்தான். பொதியோடு நடக்கிற வியாபாரியை யாரும் சந்தேகிக்காத நாடு அது.

மலைநாட்டில் வண்டிப் பாதை இல்லை. பொதி மாடுகளின் வரிசைதான் போக்குவரத்து. அதற்குத் 'தவளம்' என்று பெயர். கண்டி அரசில் இதற்கென்றே 'மடிகே பத்த' என்றொரு திணைக்களம் இருந்தது. அதன் கீழ் மாடும் பொதியுமாக ஊழியம் செய்தவர்களில் முஸ்லிம்கள் கணிசமானோர். குருணாகல் மாவட்டத்து 'மடிகே மிதியால' போன்ற ஊர்ப்பெயர்கள் இன்றும் அந்த ஊழியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. கரையிலிருந்து உப்பு, கருவாடு, துணி மேலே ஏறும். மலையிலிருந்து பாக்கு, மிளகு, ஏலம் கீழே இறங்கும். புத்தளமும் கொட்டியாரமும் அந்தச் சரக்கின் வாசல்கள்.

அந்த வாசல்களை மற்றவர்கள் பூட்டிய கதையும் தெரிந்ததுதான். ஒல்லாந்தர் பாக்கைத் தங்கள் தனியுரிமை ஆக்கினர். 1766 உடன்படிக்கையோடு கரையோரம் முழுவதும் அவர்கள் கைக்குப் போனது. தோட்டக்காரருக்கும் தவளக்காரருக்கும் அதன் பின் வாங்குவோர் ஒருவரே. வாங்குபவர் ஒருவரானால் விலையும் அவர் வாயிலிருந்துதான் வரும்.

இந்தப் போக்குவரத்தின் அரசியல் கனம் எவ்வளவு என்பதை ஆங்கிலேயர் வந்த இரண்டே வருடத்தில் கண்டார்கள். 1817இல் வெல்லஸ்ஸைப் பகுதி மடிகேயின் முகாந்திரமாக ஹாஜி மரிக்கார் என்ற முஸ்லிமை அவர்கள் நியமித்தார்கள். அங்கிருந்த முஸ்லிம்கள் கண்டிப் பிரதானியின் அதிகாரத்திலிருந்து பிரிக்கப்பட்டதாக அது கொள்ளப்பட்டது. அந்த வருடம் மூண்டு 1818 வரை எரிந்த பெருங்கிளர்ச்சியின் உடனடிக் காரணங்களில் இதுவும் ஒன்று. நடுவில் நிற்பவரை ஆட்சியாளர் தன் பக்கம் இழுத்தால், கோபம் முதலில் விழுவது அவர் தலையில்தான். இது பின்னும் நடந்தது.

கடுகண்ணாவைக் கணவாய் வழியே பாதை வந்தது. 1867இல் கண்டிக்கும் 1880இல் மாத்தளைக்கும் ரயில் வந்தது. தவளம் மறைந்து மாட்டு வண்டியும், பின்னர் லொறியும் வந்தன. பெருந்தோட்டங்கள் கோப்பி, கொக்கோ, தேயிலை என்று மாறின. கண்டி, மாத்தளைப் பகுதிகளின் வீட்டுத் தோட்டங்கள் மட்டும் ஏறக்குறைய பழைய மாதிரியே இருந்தன. பலா மரத்தில் மிளகுக் கொடி, அதன் கீழ் கோப்பிச் செடி, பக்கத்தில் பாக்கு, கராம்பு, சாதிக்காய், அவகாடோ. அரை ஏக்கரில் பத்துப் பயிர். எந்தப் பயிரும் ஒரு சாக்குக்கு மேல் இராது. அந்த ஒவ்வொரு சாக்கையும் சேர்த்து ஒரு லொறிச் சுமையாக்கிக் கொழும்புக்கு அனுப்புவதற்கு ஒருவர் தேவை. அக்குறணை, மடவளை, கல்ஹின்னை, கம்பளை, மாத்தளை ஊர்களின் நம் வியாபாரிகள் செய்தது அதைத்தான்.

இனி அலிபுக்கும் பேக்கும் வருவோம். சாக்கைப் பிரித்ததும் அப்பா உள்ளங்கையால் மிளகை அள்ளி முகர்ந்து பார்ப்பார். பிறகு பழைய பால்மாப் பேணி ஒன்றில் தலைதட்ட நிரப்பி, அந்தப் பேணியை மட்டும் சின்னத் தராசில் நிறுப்பார். பேணி கனத்தால் அலிப். லேசாக இருந்தால் பே. எனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. பிற்காலத்தில்தான் விளங்கியது: உலகச் சந்தையில் கறுப்பு மிளகை லீற்றருக்கு 500 கிராம், 550 கிராம் என்று தரம் பிரிப்பதும் இதே முறைதான். முற்றிய மணி கனக்கும். பிஞ்சில் ஆய்ந்தது சப்பையாக இருக்கும்.

ஒரு நாள் நான் கேட்டேன், எல்லாருக்கும் ஒரே விலை கொடுத்தால் சண்டை வராதே என்று. அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"நல்லதுக்கும் கூடாததுக்கும் ஒரே வெல குடுத்தா, யாரு மகன் காய வெக்கிற? நாளைக்கி எல்லாரும் பிஞ்சில ஆஞ்சி கொண்டு வருவாங்க."

மிளகு முற்றுவதற்குக் காத்திருப்பது தோட்டக்காரருக்குச் செலவு. கள்வன் ஆய்ந்துகொண்டு போய்விடலாம், மழை வரலாம், வீட்டில் காசுத் தேவை இருக்கும். முற்றிய மிளகு ஏறத்தாழ மூன்று கிலோவுக்குக் காய்ந்தது ஒரு கிலோ தேறும்; பிஞ்சில் அதுவும் தேறாது. கொதிநீரில் ஓரிரு நிமிஷம் அமிழ்த்திப் பாயில் காயவைத்தால் நிறம் ஒரே கறுப்பாக வரும், ஈரம் 12 சதவீதத்துக்குள் இறங்கும். தார் ரோட்டில் கொட்டினால் மண்ணும் தூசும் சேரும். இவ்வளவு பாட்டுக்கும் கூலி அந்த அலிப் என்ற ஒற்றை எழுத்துத்தான்.

இதை எழுதும்போது இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அதே கொப்பியில் ஒவ்வொரு சாக்குக்கும் 'சாக்குக் கழிவு' என்று மூன்று இறாத்தல் குறைத்திருக்கிறது. நான் பிடித்த கோணிச் சாக்கு ஒன்றும் மூன்று இறாத்தல் இல்லை. வெறுஞ்சாக்கை நானே நிறுத்திருக்கிறேன். தரத்தில் நீதியாக நடந்த மனிதர், நிறையில் ஒவ்வொரு சாக்கிலும் ஒரு பிடி எடுத்திருக்கிறார். முற்பணம் வாங்கியவர்களுக்குக் கழிவு இன்னும் கூட. அளவையில் குறை செய்வோரைப் பற்றிக் குர்ஆனில் தனி அத்தியாயமே இருப்பதை அறியாதவர் அல்லர் அவர். அந்தக் காலத்தில் எல்லாக் கடையிலும் வழக்கம் அப்படித்தான் என்று குடும்பத்தில் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் மூன்று இறாத்தல் கொடுத்த தோட்டக்காரருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

இந்தச் சங்கிலியின் ஒரு முனையில் சிங்கள விவசாயி, நடுவில் முஸ்லிம் வியாபாரி. எழுதிய ஒப்பந்தம் எதுவும் இல்லை, முகமும் வாக்கும்தான். 1915 மே 28 இரவு கண்டியில் தொடங்கிய கலவரத்தில் கடைகள் சூறையாடப்பட்டபோது பொருள் மட்டும் போகவில்லை, கடனும் முற்பணமும் எழுதிய ஏடுகளும் போயின. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியவில் தொடங்கி அக்குறணை வரை வந்த தீ நாம் கண்ணால் கண்டது. அது கராம்பு ஆய்ந்து காயும் காலம். எனக்குத் தெரிந்த வியாபாரி ஒருவருக்கு, பல வருடமாகச் சாமான் கொடுக்கும் விவசாயி தொலைபேசியில் சொன்னாராம்: "முதலாளி, சாமான் ஈக்கிது. கொண்டு வாறதுக்குத்தான் பயம்." இவருக்கும் போய் எடுக்கப் பயம். அரசியல்வாதிகள் இதற்குச் சொல்லும் காரணங்கள் பல. மூன்று இறாத்தலை வைத்து எவரும் ஒரு கடையை எரிப்பதை நியாயப்படுத்த முடியாது. ஆயினும் நம் பக்கத்துக் கணக்கை நாம் சுத்தமாக வைத்திருப்பது நம் கையில் உள்ள வேலை.

1972இல் சிறு ஏற்றுமதிப் பயிர்களுக்கென அரசு ஒரு திணைக்களம் அமைத்தது. இன்று பேராதனையில் தலைமையகம் கொண்ட ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் அதுவே. நாற்றும் மானியமும் ஆலோசனையும் வந்தன. 1977க்குப் பிறகு வாங்குவோர் கூடினார்கள். லொறிகள் வீட்டு வாசலுக்கே போயின. போட்டியில் முதலில் செத்தது அந்த இரண்டு விலைதான். நிறுத்துப் பார்த்து விலை சொல்பவரைவிட, பச்சையோ காய்ந்ததோ வந்தபடி அள்ளுபவருக்கே சரக்குப் போனது.

2000 மார்ச்சில் இந்தியாவுடனான சுதந்திர வர்த்தக உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. இலங்கை மிளகில் எண்ணெயும் காரமும் கூட. அதனால் சாறு பிழியும் இந்தியத் தொழிற்சாலைகள் அதை விரும்பின. அவற்றுக்குப் பிஞ்சு மிளகும் போதும். பிறகு வந்தது வியட்நாம் மிளகு. அது இங்கே இறங்கி, இலங்கைப் பெயரில் இந்தியாவுக்குப் போகிறது என்ற புகார் வலுத்தது. 2017 டிசம்பரில் இந்தியா, கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகை இறக்குமதி செய்ய முடியாது என்று விதித்தது. எவரோ கலந்ததற்குத் தண்டம் கட்டியது ஹாரிஸ்பத்துவையில் கொடி வளர்த்தவரும்தான்.

பழத்திலும் மரக்கறியிலும் இதே கதை, இன்னும் வேகமாக நடக்கிறது. மிளகு காத்திருக்கும், தக்காளி காத்திராது. அறுவடையில் மூன்றிலொரு பங்கு மேசைக்கு வராமலே அழிகிறது என்பது இந்நாட்டில் பலகாலமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. சாக்கில் திணித்து லொறியில் அடுக்கியதன் விளைவு. 2011 டிசம்பரில் பிளாஸ்டிக் கூடைகளை அரசு கட்டாயமாக்கியபோது தம்புள்ளைச் சந்தையில் விவசாயிகளும் வியாபாரிகளும் ஒன்றாக எதிர்த்தார்கள். விதியைத் தளர்த்த வேண்டியதாயிற்று. கூடையின் செலவு தோட்டத்தில் விழுந்தது, லாபம் நகரத்தில் நின்றது. கூடையில் வந்த தக்காளிக்கு வேறு விலை என்று யாராவது சொல்லியிருந்தால் சட்டம் தேவைப்பட்டிருக்காது.

என் மருமகன் ஒருவர் சில வருடங்களுக்கு முன் மாலைதீவுக்கு அவகாடோ அனுப்பினார். எங்கள் பக்கத்து வழக்கப்படி பூவிலேயே மரங்களைக் குத்தகைக்கு எடுத்து, பல தோட்டத்துக் காய்களை ஒன்றாகக் கட்டி அனுப்பினார். அவகாடோ மரத்தில் பழுக்காது. முற்றியதும் ஆய்ந்து வைத்தால்தான் பழுக்கும். கீழே விழுந்த காய்க்கு வெளியில் காயம் தெரியாது, பழுக்கும்போது உள்ளே கறுக்கும். விதையிலிருந்து முளைத்த மரங்கள் என்பதால் ஒவ்வொரு மரத்துக் காயும் ஒவ்வொரு விதம். பெட்டிகளில் பாதிக்கு மேல் கறுத்துவிட்டது. வாங்கியவர் பணத்தைப் பற்றிப் பேசுமுன் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "கறுத்த காய் எந்தத் தோட்டத்தினுடையது?" மருமகனிடம் பதில் இல்லை. இருந்திருந்தால் அந்தத் தோட்டத்தை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவற்றைத் தொடர்ந்திருக்கலாம்.

இந்தக் கேள்விதான் இன்றைய ஏற்றுமதியின் வாசல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல், உணவுப் பொருள் எவரிடமிருந்து வந்தது, எவரிடம் போனது என்று ஒவ்வொரு வியாபாரியும் காட்டியாக வேண்டும். முன்னால் ஒரு படி, பின்னால் ஒரு படி. இதைக் கேட்டதும் புதிதாக ஏதோ வந்துவிட்டது என்று நம்மவர்கள் மலைக்கிறார்கள். ஊர், பெயர், நிறை, தரம் என்று என் அப்பா ரின்பால் விளக்கு வெளிச்சத்தில் எழுதியது வேறென்ன? அவர் எழுதியது பணம் தீர்க்க. இப்போது கேட்பது பழி தீர்க்காமல் பிழை திருத்த.

மருமகன் இப்போது மறுபடி தொடங்கியிருக்கிறார், ஆறே ஆறு தோட்டங்களோடு. காயைக் காம்போடு ஆய்கிறார்கள். பெட்டிக்குப் பெட்டி தோட்டத்தின் இலக்கம் ஒட்டுகிறார்கள். நல்லதுக்கு ஒரு விலை, மற்றதுக்கு ஒரு விலை. பெட்டியின் நிறையைத் தோட்டக்காரர் முன்னாலேயே வெறும் பெட்டியாக நிறுத்துக் கழிக்கச் சொன்னேன். சிரித்தார், ஆனால் செய்கிறார்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அக்குறணையிலும் மாத்தளையிலும் கம்பளையிலும் பழைய கடைக்காரர்களின் வீடுகளில் இத்தகைய கொப்பிகள் இன்னும் இருக்கக்கூடும். அறபுத் தமிழிலும் தமிழிலும் எழுதிய, கறை படிந்த ஏடுகள். கடதாசிக்காரனுக்குப் போடாதீர்கள். நம்முடைய நாணயத்துக்கும் நம்முடைய கள்ளக் கழிவுக்கும் சாட்சி அவைதான். எழுதுகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.