ஷின் ஓக்குபோ: ஒரு சின்ன இரயில் நிலையத்தின் வரலாறு

வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களும் கோட்டைகளும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. இன்று நாம் ஜப்பானின் தலைநகரான தோக்கியோவில் உள்ள ஒரு சின்ன இரயில் நிலையத்தின் வரலாற்றைப் பார்ப்போம். அதன் பெயர் ஷின் ஓக்குபோ.

தோக்கியோவின் நடுப்பகுதியை வட்டமாகச் சுற்றிவரும் இரயில் தடத்திற்கு யமனோத்தே என்று பெயர். நீளம் 34.5 கிலோமீட்டர். ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். காலையில் வேலைக்குப் போவோரும் மாலையில் வீடு திரும்புவோரும் அதில் நெருக்கியடித்துக்கொண்டு பயணம் செய்கிறார்கள். அத்தடத்தில் உள்ள 30 நிலையங்களில் ஷின் ஓக்குபோ சிறியது. ஒரே நடைமேடை, அதன் இரு பக்கமும் இரயில்கள் வந்து நிற்கும்.

‘ஷின்’ என்றால் ‘புதிய’ என்று பொருள். பக்கத்திலேயே வேறொரு தடத்தில் ஓக்குபோ என்ற நிலையம் 1895 முதல் இருந்தது. ஆகவே 1914இல் திறக்கப்பட்ட இந்நிலையம் ‘புதிய ஓக்குபோ’ ஆயிற்று.

நிலையம் அமைந்திருக்கும் பகுதிக்கு ‘நூறு பேர் ஊர்’ என்னும் பொருள்படும் பெயர் வழங்குகிறது. தோக்குகாவா ஆட்சிக் காலத்தில் நூறு பேர் கொண்ட துப்பாக்கிப் படை இங்கே குடியமர்த்தப்பட்டது. கிடைத்த சம்பளம் போதாமல், அவ்வீரர்கள் பூச்செடி வளர்த்துக் குடும்பம் நடத்தினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கொரிய மக்கள் பலர் இவ்வட்டாரத்தில் குடியேறினார்கள். இன்று நிலையத்தை விட்டு வெளியே வந்தால், கொரிய உணவுக் கடைகள் வரிசையாக நிற்பதைக் காணலாம்.

கொரியாவை ஜப்பான் 1910 முதல் 1945 வரை அடக்கி ஆண்டது. அந்தக் கசப்பு கொரியர் மனத்தில் நெடுங்காலம் இருந்தது. சயாம் இரயில் பாதை போட நம் தோட்டத்து மக்கள் கொண்டுபோகப்பட்ட கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அது எத்தகைய கசப்பு என்று விளக்க வேண்டியதில்லை.

இனி, 2001ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் மாலை நடந்ததைக் கேளுங்கள். மது மயக்கத்தில் இருந்த ஒருவர் நடைமேடையிலிருந்து தண்டவாளத்தில் விழுந்துவிட்டார். இரயிலோ வந்துகொண்டிருந்தது. அவரைத் தூக்கிவிட இருவர் கீழே குதித்தார்கள். ஒருவர் லீ சூ ஹியோன், 26 வயது கொரிய மாணவர். மற்றவர் செக்கினே ஷிரோ, 47 வயது ஜப்பானியப் புகைப்படக்காரர். விழுந்தவர் யார் என்று இருவரும் கேட்டு நிற்கவில்லை. இரயில் மூவரையும் மோதியது, மூவரும் மாண்டார்கள்.

இச்செய்தி ஜப்பானையும் கொரியாவையும் ஒருசேர அழ வைத்தது. லீயின் பெற்றோர், அனுதாபிகள் தந்த பணத்தைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. ஜப்பானிய மொழி கற்க வரும் ஆசிய மாணவர்களுக்கு அதை உதவி நிதியாக்கினார்கள். அதனால் பயன்பெற்ற மாணவர்கள் நூற்றுக்கணக்கானோர்.

வேறொரு மாற்றமும் வந்தது. விழுந்தவரைக் காப்பாற்ற இன்னொருவர் ஏன் உயிரைக் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. இரயிலை உடனே நிறுத்தச் செய்யும் அவசரப் பொத்தான்களை அமைக்கவும், விழுந்தவர் ஒதுங்கிக்கொள்ள நடைமேடைக்கு அடியில் இடம் விடவும் இரயில் நிறுவனங்களை அரசாங்கம் பணித்தது. பின்னர் ஷின் ஓக்குபோவில் நடைமேடை ஓரமாகத் தடுப்புக் கதவுகளும் வந்தன. இரயில் வந்து நின்ற பிறகே அவை திறக்கும்.

நேயர்களே, நாம் வேலை செய்யும் இடமானாலும், நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியானாலும், ஆபத்து இருப்பது தெரிந்தால் அதற்கான பாதுகாப்பை முன்கூட்டியே கேட்டுப் பெறுவது நம் உரிமை. ஓர் உயிர் போன பிறகு வரும் பாதுகாப்பு, அந்த உயிரைத் திருப்பித் தருவதில்லை.

அந்த இருவரின் நினைவாக நிலையத்தில் ஒரு பலகை பதிக்கப்பட்டிருக்கிறது. ஜப்பானிய மொழியிலும் கொரிய மொழியிலும் எழுதப்பட்ட அதைக் கடந்துதான், உழைத்துக் களைத்த மக்கள் நாள்தோறும் வீடு திரும்புகிறார்கள்.