ஆகஸ்ட் முதல் புதன்கிழமை

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரே ஒரு நாளைப் பற்றி. இங்கிலாந்தில் மருத்துவப் படிப்பை முடித்த ஆயிரக்கணக்கான புது டாக்டர்கள் வேலையில் சேர்வது ஆகஸ்ட் மாதத்தின் முதல் புதன்கிழமை. ஏற்கெனவே பயிற்சியில் இருக்கிற பலரும் அன்னைக்கேதான் வேற ஆஸ்பத்திரிக்கோ வேற பிரிவுக்கோ மாறுவாங்க. நேத்து வரைக்கும் வார்டில் பார்த்த முகங்கள் இன்னைக்கு இருக்காது. இதுக்கு அங்கே வச்ச பேரு ‘பிளாக் வெட்னஸ்டே’. இன்னும் கொடூரமா ‘கில்லிங் சீசன்’னும் சொல்வாங்க.

கிண்டல் சரி. நிஜமாவே ஆட்கள் சாகிறாங்களா?

2009-ல் இம்பீரியல் காலேஜ் லண்டன் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தாங்க. 2000 முதல் 2008 வரை, ஒவ்வொரு வருஷமும் ரெண்டு நாள்: ஜூலையின் கடைசிப் புதன், ஆகஸ்ட்டின் முதல் புதன். அந்த நாட்களில் எமர்ஜென்சியில் அட்மிட் ஆனவங்க சுமார் 3 லட்சம் பேர். அதில் எத்தனை பேர் ஒரு வாரத்துக்குள்ள இறந்தாங்க? மொத்த எண்ணிக்கையில் பெருசா வித்தியாசம் இல்லை. ஆனா வயசு, வறுமை, ஏற்கெனவே இருந்த நோய் எல்லாத்தையும் சேர்த்துக் கணக்கிட்டதும், ஆகஸ்ட் புதனில் வந்தவங்களுக்கு இறக்கும் வாய்ப்பு 6 சதவீதம் கூடுதல்னு வந்தது.

இதை 100 பேருக்கு 6 பேர்னு படிச்சுடாதீங்க. 1000 பேரில் சுமார் 15 பேர் இறக்கிற இடத்தில், கூடுதலா ஒருத்தர். அவ்வளவுதான். ஆனா அந்த ஒருத்தர் தேதி பார்த்து வந்தவர் இல்லை, ஆம்புலன்ஸில் வந்தவர்.

எனக்கு ரொம்ப சுவாரசியமா பட்டது அடுத்த விஷயம். நாம பயப்படுறது கத்தி பிடிக்கிற கையைப் பார்த்துத்தானே? ஆனா அறுவை சிகிச்சை நோயாளிகளிடம் அந்த வித்தியாசமே தெரியலை. பொது மருத்துவ நோயாளிகளிடம்தான் 8 சதவீதம் கூடியிருந்தது. என் ஊகம் இது: ஆபரேஷன் தியேட்டரில் புது ஆள் தனியா விடப்படுறதில்லை, பக்கத்திலேயே சீனியர் நிற்பார். வார்டில், ராத்திரி 2 மணிக்கு, மருந்துச் சீட்டோட அவர் தனியா நிற்கிறார்.

அதுக்காக சர்ஜரி பக்கம் கேள்வி முடிஞ்சுபோச்சுன்னு சொல்ல முடியாது. அமெரிக்காவில் புது பேட்ச் சேர்வது ஜூலையில். அங்கே 2007-ல் வந்த ஒரு ஆய்வு, சுமார் 60,000 அறுவை சிகிச்சை நோயாளிகளைப் பார்த்து, ஜூலை–ஆகஸ்ட்டில் இறப்பு அபாயம் 41 சதவீதம் அதிகம்னு சொன்னது. பின்னாடி வந்த பல ஆய்வுகளில் அப்படி எதுவும் தெரியலை.

இங்கிலாந்து பதிலுக்காகக் காத்திருக்கலை. 2012-லிருந்து, புது டாக்டர்கள் பொறுப்பேற்கும் முன்னாடி குறைஞ்சது 4 நாள், சம்பளத்தோட, தாங்கள் வேலை செய்யப்போகிற வார்டிலேயே பழைய ஜூனியரின் பின்னாடி நடக்கணும். எந்த கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் வரும், ராத்திரியில் சந்தேகம் வந்தா யாருக்கு போன் பண்ணணும்னு தெரிஞ்சுக்கத்தான் அந்த 4 நாள்.