கதீஜா: பெயரின் வேரும் வடிவங்களும்

இஸ்லாத்தை முதன்முதலில் ஏற்ற அன்னை கதீஜா (ரலி) அவர்களின் பெயர் 'கதஜ' என்னும் அரபு வேரினின்று பிறந்தது. ஒட்டகம் மாதம் நிறையுமுன் குட்டி ஈனுவதை அவ்வேர் குறிக்கும். சூரத்துல் ஃபாத்திஹா ஓதப்படாத தொழுகையை 'கிதாஜ்', அதாவது குறைவுள்ளது, என ஸஹீஹ் முஸ்லிமில் வரும் நபிமொழி கூறுவதும் இவ்வேர்ச்சொல்லாலேயே.

ஆகவே 'குறைமாதத்தில் பிறந்தவள்' என்பதே இப்பெயரின் நேர்ப்பொருள். இதையறிந்து, மகளுக்கு இப்பெயரைச் சூட்டத் தயங்கும் பெற்றோர் உளர். மாறுசெய்பவள் எனப் பொருள்பட்ட ஒரு பெயரை 'ஜமீலா' என மாற்றிய அண்ணலார் (ஸல்) அவர்கள், தம் துணைவியாரின் பெயரை மாற்றவில்லை. சொல்லின் பொருளைவிட, அதனைத் தாங்கியவரின் ஈமானே இப்பெயருக்குச் சிறப்பளித்தது.

தொண்டையில் பிறக்கும் இதன் முதலெழுத்துக்கு நேரான எழுத்து தமிழில் இல்லை. எனவே கதீஜா, கதிஜா, ஹதீஜா, கதீசா எனப் பலவாறு எழுதுகிறோம். துருக்கியர் 'ஹத்திஜே' என்பர். ஹௌஸா மக்கள் 'ஹதீஸா' என்பர். பாட்டிமார் 'கதீசா' என அழைப்பதை நாம் பிழையென இகழ வேண்டியதில்லை. ஆயினும் பிறப்புச் சான்றிதழ், ஆதார், கடவுச்சீட்டு மூன்றிலும் ஒரே எழுத்தமைப்பைப் பேணுவோம். ஹஜ் பயணத்திலும் சொத்துரிமையிலும் நம் பெண்மக்கள் அலைக்கழியாதிருக்க அது உதவும், இன்ஷா அல்லாஹ்.