கையில் பட்ட குண்டு

முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் கடைசியிலிருந்து, பிரிட்டிஷ் இந்தியப் படையின் லாகூர், மீரட் டிவிஷன்களின் சிப்பாய்கள் பிரான்ஸின் மார்சேய் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அக்டோபர் முடிவதற்குள் பிரான்ஸ், பெல்ஜியம் போர்முனையில் ஜெர்மானியப் படைக்கு எதிரே நின்றார்கள். முதல் சில நாட்களிலேயே மருத்துவ முகாம்களில் ஒரு விஷயம் அதிகாரிகளின் கண்ணை உறுத்தியது. காயப்பட்டு வந்த இந்தியர்களில் பெரும்பங்கினருக்குக் காயம் கையில் இருந்தது. போர்முனையிலிருந்து தப்பிக்கத் தம்மைத் தாமே சுட்டுக்கொள்கிறார்கள் என்ற சந்தேகம் உடனே கிளம்பியது. ராணுவ நீதிமன்ற விசாரணைகளும் கடுமையான தண்டனைகளும் தொடர்ந்தன. இந்தச் சந்தேகம் எங்கிருந்து முளைத்தது என்று பார்த்தால், சிப்பாயின் கோழைத்தனத்தைவிட, அவனுக்கும் அவன் அதிகாரிக்கும் நடுவே அறுந்துபோன பேச்சே முதல் காரணமாகத் தெரிகிறது. உடம்புக்கு முடியவில்லை என்று கீழே இருப்பவன் சொல்வதை மேலே இருப்பவன் எப்படிக் கேட்கிறான் என்பதில்தான் ஒரு படையின் நம்பிக்கை நிற்கிறது. அந்த நம்பிக்கை 1914-15இல் உடைந்த விதத்தைப் படிப்படியாகப் பார்க்க முடிகிறது.

அன்றைய இந்தியப் பட்டாளத்தில் எழுநூற்றுச் சொச்சம் சிப்பாய்களுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வெள்ளை அதிகாரிகள்தான். ஆனால் அவர்கள் சிப்பாய்களின் மொழியைப் படித்துத் தேர்வு எழுதியவர்கள். பல வருஷம் ஒரே பட்டாளத்தில் இருந்தவர்கள். பட்டாளத் தலைவர் தர்பார் கூட்டுவார். சிப்பாய் முன்னால் வந்து நிலத் தகராறு, தங்கை கல்யாணம், தாயின் நோய் என்று தன் குறையைச் சொல்வான். விடுப்பு கிடைக்குமா கிடைக்காதா என்ற பதில் எல்லோர் காதிலும் விழும். கிடைக்காது என்றாலும் ஏன் என்று தெரிந்துவிடும். பிரான்ஸில் சில வாரச் சண்டையிலேயே இந்த அதிகாரிகளில் பலர் இறந்தார்கள், பலர் காயப்பட்டுப் போனார்கள். அவர்கள் இடத்துக்கு வந்தவர்களில் பலருக்குச் சிப்பாயின் மொழியும் தெரியாது, முகமும் தெரியாது. குறைந்த எண்ணிக்கையை நிரப்ப வேறு வேறு பட்டாளங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்ததில், பக்கத்தில் நிற்பவனே அந்நியன் ஆனான். ஊரில் பத்து வருஷம் பார்த்தவன் "முடியவில்லை" என்றால் அதற்கு ஒரு எடை உண்டு. நேற்று வந்த அதிகாரிக்கு அது வெறும் சாக்காகத்தான் கேட்கும்.

கைக்காயத்துக்கு எளிய விளக்கம் இருந்தது. 1914இன் அகழிகள் ஆழமற்றவை, தண்ணீர் தேங்கியவை. சுடும்போது இடது கை துப்பாக்கியைத் தாங்கி முன்னால் நீண்டிருக்கும். மண்மேட்டுக்கு மேலே தெரிவது தலையும் கையும்தான். தலையில் குண்டு பட்டவன் மருத்துவமனைக்கு வருவது அரிது. ஆகவே மருத்துவரின் கணக்கில் கை மட்டும் நிற்கும். இங்கிலாந்தின் பிரைட்டனில் இருந்த கிச்சனர் இந்திய மருத்துவமனையின் தலைவர் கர்னல் புரூஸ் சீட்டன் 1915இல் ஆயிரம் காயங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். சிப்பாய்கள் பெருமளவில் தம்மைச் சுட்டுக்கொண்டார்கள் என்ற கருத்துக்கு ஆதாரம் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். சுட்டுக்கொண்டவர் ஒருவர்கூட இல்லையா என்று கேட்கலாம். இருந்தார்கள், எல்லாப் படைகளிலும் இருந்தார்கள், பிரிட்டிஷ் படையிலும் இருந்தார்கள். சிலர் செய்ததை ஒரு படையின் குணமாக எழுதியதுதான் தவறு. எண்ணிப் பார்க்கும் முன்பே தீர்ப்பு வந்துவிட்டது.

பிரைட்டனுக்கு வந்த காயக்காரர்களைப் பராமரித்ததில் குறை சொல்ல முடியாது. அந்தக் கடற்கரை நகரத்தின் பழைய ராஜ மாளிகையான ராயல் பெவிலியனையே மருத்துவமனை ஆக்கினார்கள். சரவிளக்குகளுக்குக் கீழே கட்டில்கள். இந்து, முஸ்லிம், சீக்கியர் என்று பிரித்து ஒன்பது சமையல் கூடங்கள். வார்டுகளில் இந்துக்களுக்கு ஒரு குழாய், முஸ்லிம்களுக்கு ஒரு குழாய். அறிவிப்புப் பலகைகள் உருது, இந்தி, குர்முகி மூன்றிலும். இத்தனை நுணுக்கம் பார்த்த நிர்வாகம், சிப்பாய் மனத்தில் இருந்த ஒரே கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லவில்லை: ஊருக்குப் போகிறேனா, மறுபடி அகழிக்கா? குணமானவர்களைத் திரும்பவும் பிரான்ஸுக்கே அனுப்பினார்கள். 1915இல் ஒரு சிப்பாய் பெயர் போடாமல் மன்னருக்கே விண்ணப்பம் எழுதினான். மூன்று நான்கு முறை திருப்பி அனுப்புகிறார்கள், கையோ காலோ கண்ணோ போனவன்தான் நாடு திரும்புகிறான் என்பது அவன் முறையீடு. ஆள் பற்றாக்குறை இருந்தபோது வேறு என்ன செய்திருக்க முடியும் என்பது நியாயமான மறுப்பு. இந்தியாவிலிருந்து வந்த மாற்று ஆட்களில் வயதானவர்களும் தகுதியற்றவர்களும் நிறையப் பேர் என்பதும் உண்மை. ஆனால் பிரிட்டிஷ் வீரனுக்கு ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினால் வீடு. சில நாள் விடுப்பாவது கிடைத்தது. சிப்பாய்க்கு வீடு பல வாரக் கடல் பயணம். இத்தனை முறைக்கு மேல் அனுப்ப மாட்டோம் என்றோ, இத்தனை மாதம் பொறு என்றோ ஒரு வரம்பை அவன் முகத்துக்கு நேரே சொல்வதற்கு ஒரு கூடுதல் ஆளும் தேவைப்பட்டிருக்காது.

நேரில் கேட்காததை நிர்வாகம் கடிதத்தைப் பிரித்துத் தேடியது. இந்திய சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஈவ்லின் ஹவல் தலைமையில் ஒரு தணிக்கை அலுவலகம் இயங்கியது. சிப்பாய்கள் எழுதியதையும் அவர்களுக்கு வந்ததையும் படித்து, பகுதிகளை மொழிபெயர்த்து, அறிக்கைகளாக மேலே அனுப்பியது. ரகசியம் எதிரிக்குப் போகாமல் காக்க இது அவசியம் என்பார்கள். அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த அறிக்கைகளின் பெரும்பகுதி சிப்பாயின் மனநிலையைப் பற்றியது. தர்பாரில் இலவசமாகக் கிடைத்த செய்தியை ஒட்டுக்கேட்டு அறியும் நிலைக்குப் படை வந்திருந்தது. படிக்கிறார்கள் என்று தெரிந்ததும் சிப்பாய்கள் மறைமொழிக்கு மாறினார்கள். கருமிளகு என்றால் இந்தியச் சிப்பாய், செம்மிளகு என்றால் வெள்ளை வீரன். கருமிளகு தீர்ந்துவிட்டது, இப்போது செம்மிளகைப் பயன்படுத்துகிறார்கள் என்று ஊருக்கு எழுதினால், புரிய வேண்டியவர்களுக்குப் புரிந்தது. தணிக்கையாளருக்கும் புரிந்தது. மேலே சொல்ல வழியில்லாத புகார் கிராமங்களை நோக்கித் திரும்பியதுதான் மிச்சம்.

வெள்ளை அதிகாரி இல்லாவிட்டால் இந்தியச் சிப்பாய் நிலைகுலைந்துவிடுவான், அவன் இயல்பே அது என்று அன்று பலர் விளக்கினார்கள். அதிகாரி இழப்பை நானும் காரணமாகச் சொல்வதால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். குதாதாத் கான் என்ற சிப்பாய் அந்த விளக்கத்துக்குப் பதில். 1914 அக்டோபர் 31 அன்று பெல்ஜியத்தின் ஹாலபெக்கேயில் அவருடைய வெள்ளை அதிகாரி காயப்பட்டு விழுந்தார்; இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் இருந்த மற்ற ஐந்து பேரும் இறந்தார்கள். காயத்தோடு தனியாக அவர் சுட்டுக்கொண்டே இருந்தார். விக்டோரியா சிலுவை பெற்ற முதல் இந்தியச் சிப்பாய் அவர்தான். அதிகாரி விழுந்ததும் போனது வீரம் அல்ல. சொல்வதைக் கேட்டு, பதில் சொல்லி, விடுப்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம்தான் போனது. அந்த இடத்தை நிரப்பக்கூடியவர்கள் அதே அகழியில், அதே மொழியோடு இருந்தார்கள். சுபேதார், ஜமேதார் என்ற இந்திய அதிகாரிகள் இருபது வருஷச் சேவை செய்தவர்கள். எவனுக்கு உண்மையிலேயே முடியவில்லை, எவன் நடிக்கிறான் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் நேற்று வந்த வெள்ளை இளைஞனுக்கும் கீழேதான் அவர்களை வைத்திருந்தார்கள். இந்தியர்களுக்கு முழு அதிகாரிப் பதவியைத் திறந்துவிட 1917 ஆனது. இந்தியக் காலாட்படை அதற்குள், 1915 கடைசியிலேயே, பிரான்ஸைவிட்டு மெசபடோமியாவுக்குப் போய்விட்டது.