இறவாரமே தோட்டமான நகரம்

தோட்டக்கலையின் வரலாறு பெரும்பாலும் அரண்மனைப் பூங்காக்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அதில் பூந்தொட்டிக்குக் கடைசி வரிசையில்தான் இடம். நிலம் வாய்க்காதவர்கள் மனத்தைத் தேற்றிக்கொள்ளச் செய்துகொண்ட ஏற்பாடு என்ற அளவில் அதைச் சொல்லிக் கடந்துவிடுவார்கள். ஜப்பானின் எடோ நகரம், அதாவது இன்றைய டோக்கியோ, 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பூ வளர்த்த விதத்தைப் பார்த்தால் இந்தக் கணிப்பு நிற்காது. அந்த நகரத்தின் இடநெருக்கடி, பரந்த தோட்டங்களில் நடந்திருக்க வாய்ப்பே குறைவான ஒன்றைத் தொட்டிக்குள் நடத்திக் காட்டியது. நடத்தியவர்களில் வாடகைக் குடித்தனக்காரர்களும் வருமானம் போதாத கீழ்நிலைச் சாமுராய்களும் கணிசமாக இருந்தார்கள்.

நெருக்கடியின் அளவை முதலில் சொல்லிவிட வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் எடோவின் மக்கள்தொகை ஏறத்தாழ 10 லட்சம். நகரின் நிலத்தில் சுமார் 70 விழுக்காடு சாமுராய்க் குடும்பங்களிடமும், மிச்சத்தில் ஏறக்குறைய பாதி கோயில்களிடமும் இருந்தன. மக்களில் பாதிப் பேரான கைவினைஞர்களும் வணிகர்களும் கூலிக்காரர்களும் எஞ்சிய 15 விழுக்காட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். நீண்ட மரக்கொட்டகையைத் தடுத்துக் கட்டிய வரிசை வீடுகளில், மிகச் சிறியது சுமார் 2.7 மீட்டருக்கு 3.6 மீட்டர். ஒரு குடும்பம் சமைப்பதும் உண்பதும் தூங்குவதும் அதற்குள்தான். இதோடு தீ விபத்துகள் வேறு. 1657இலும் 1806இலும் நகரின் பெரும் பகுதிகள் எரிந்தன. சிறிய தீக்களுக்குக் கணக்கே இல்லை. எப்போது இடம் பெயர நேரும் என்று தெரியாதவர்கள் மரம் நட்டு 20 ஆண்டு காத்திருக்க மாட்டார்கள். கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய, இந்தக் கோடையிலேயே பூக்கக்கூடிய செடிதான் அவர்களுக்குப் பொருந்தும்.

இந்தப் பழக்கம் எளிய வீடுகள் வரை போயிருந்தது என்பதற்கு மண்ணுக்கடியிலிருந்தே சான்று கிடைக்கிறது. டோக்கியோவில் கட்டடங்களுக்காக நிலம் தோண்டியபோது எடோ காலத்துப் பூந்தொட்டிகள் ஏராளமாக வெளிவந்தன. அவற்றில் செடிக்கென்றே வனைந்து விற்ற தொட்டிகளோடு, அடியில் துளை போட்டுப் பூந்தொட்டியாக்கிய கிண்ணங்களும் சாடிகளும் கிடைத்திருக்கின்றன. எனக்கு இந்தத் துளைதான் முக்கியமாகப் படுகிறது. வேருக்கு நீர் வேண்டும், காற்றும் வேண்டும். வடிகால் இல்லாத தொட்டியில் நீர் தேங்கி, காற்று போக வழியின்றி வேர் அழுகிவிடும். தொட்டிச் செடி வளர்க்கத் தொடங்குகிறவர் முதலில் கற்கும் பாடம் இதுவே. வீட்டில் சும்மா கிடந்த கிண்ணத்தில் ஒருவர் துளை போட்டிருக்கிறார் என்றால், தோட்டக்காரரின் அடிப்படை அறிவு அடுப்படி வரை வந்து சேர்ந்திருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

தொட்டி வைக்கவும் இடமில்லாத இடத்தில் இறவாரம் இருந்தது. மூங்கில் சட்டத்தில் பாசியை உருண்டையாகக் கட்டி, ஷினோபு என்னும் பெரணியின் தண்டுகளை அதன்மேல் சுற்றிப் பிணைத்துத் தொங்கவிடுவார்கள். கீழே ஒரு சிறு காற்றுமணி ஆடும். ட்சுரிஷினோபு என்ற இந்தத் தொங்குசெடி எடோவின் கோடைக்காலப் பண்டங்களில் ஒன்று. காடுகளில் மரத்தையும் பாறையையும் பற்றி வாழும் பெரணி என்பதால் ஷினோபுவுக்கு மண்ணே தேவையில்லை. பாசி காய்ந்தால் உருண்டையோடு நீரில் முக்கி எடுத்தால் போதும். கம்பிக்கூடையும் தேங்காய்நாரும் கொண்டு இன்று பால்கனியில் நாம் செய்வதை, வேண்டிய செடியைச் சரியாகத் தேர்ந்ததன் மூலமே அவர்கள் எளிதாக்கிக்கொண்டார்கள்.

ஆனால் எடோவின் பெருஞ்சாதனை அசாகாவோ. நம் சர்க்கரைவள்ளிக்கிழங்கின் பேரினத்தைச் சேர்ந்த இந்தக் கொடி, பேதி மருந்தாகப் பயன்படும் விதைக்காகச் சீனாவிலிருந்து ஜப்பானுக்கு வந்தது. விடியலில் விரியும் பூ உச்சிக்குள் வாடிவிடும். 1806 தீயில் வெறுமையான ஷிதாயா பகுதியில் தோட்டக்காரர்கள் இதைப் பயிரிட்டதிலிருந்து மோகம் பற்றியது என்பார்கள். அக்கம்பக்கத்துக் கீழ்நிலைச் சாமுராய்கள் கைச்செலவுக்காக வளர்த்து விற்றார்கள். 1804 முதல் 1830 வரை ஓர் அலை, 1850களில் இன்னோர் அலை. கிழிந்த நாடா போன்றும் குழல் போன்றும் இதழ்கள், ஊசிபோல் ஒடுங்கிய இலைகள் என்று, அசாகாவோ என்றே அடையாளம் தெரியாத வடிவங்கள் அப்போது உருவாயின.

இந்த வடிவங்களில் பல விதை தருவதில்லை. மகரந்தத் தாளும் சூலகமும் இதழாக மாறிவிட்ட பூவில் விதை எங்கிருந்து வரும்? வளர்த்தவர்கள் வேறு வழி கண்டார்கள். அபூர்வச் செடியோடு பிறந்த, பார்வைக்குச் சாதாரணமான உடன்பிறப்புச் செடிகளின் விதையைத் தனித்தனியே எடுத்து வைப்பார்கள். மறு ஆண்டு விதைத்து, எதன் வாரிசுகளில் அந்த அபூர்வம் மீண்டும் தலைகாட்டுகிறது என்று வித்திலைப் பருவத்திலேயே பொறுக்கி எடுப்பார்கள். வெளியே தெரியாத பண்பை ஒரு செடி சுமந்து அடுத்த தலைமுறைக்குத் தரும் என்பதை மெண்டல் 1866இல் அச்சிட்டார். எடோக்காரர்கள் கோட்பாடு எதுவும் எழுதாமல் அதைக் கையால் செய்துகொண்டிருந்தார்கள். இதைச் சாத்தியமாக்கியதில் தொட்டிக்குப் பெரும் பங்கு உண்டு என்பதே என் வாதம். அசாகாவோ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் செடி. எனவே ஒரு செடியின் விதையைப் பிறவற்றோடு கலக்காமல் எடுத்தாலே அதன் வம்சம் கைக்கு வந்துவிடும். பாத்தியில் கொடிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் எது யாருடைய விதை என்று சொல்ல முடியாது. ஒரு தொட்டிக்கு ஒரு செடி என்று கண்ணெதிரே நின்றால் குழப்பம் இல்லை.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. தோட்ட அறிவு மேலிருந்து வந்ததல்லவா என்று கேட்கலாம். வந்தது உண்மை. சோமெய் ஊரின் இதோ இஹே குடும்பம் போன்ற தோட்டக்காரர்கள் பெரும்பிரபுக்களின் தோட்டங்களில் வேலை செய்து தேர்ந்தவர்கள். அந்தக் குடும்பத்தவர் ஒருவர் அசேலியா செடிகளைப் பற்றி 1692இலேயே நூல் எழுதினார். ஆனால் பிரபுக்களின் தோட்டம் குளம், பாறை, பல தலைமுறை மரம் ஆகியவற்றின் கலை. ஒரே கோடையில் முடிந்துபோகும் மலிவான கொடியை ஆண்டுதோறும் விதைத்துப் பொறுக்கும் கலைக்கு அங்கே தேவை எழவில்லை. பணத்தாசைதான் மோகத்தை வளர்த்தது என்பது அடுத்த மறுப்பு. அபூர்வத் தொட்டிகள் கொள்ளை விலைக்குப் போனதும், 1840களின் தொடக்கத்தில் அரசு கொண்டுவந்த தென்போ சீர்திருத்தம் விலையுயர்ந்த தொட்டிச் செடி வியாபாரத்தை ஆடம்பரம் என்று ஒடுக்கியதும் மறுக்க முடியாதவை. எனினும் பணம் மட்டும் இருந்தால் விதையற்ற செடியைக் காப்பாற்ற முடியாது. ஆண்டுக்கணக்கான கவனிப்பு வேண்டும். மேலும், அசாகாவோ பூக்களுக்கான போட்டிகளில் இரியா பகுதித் தோட்டக்காரர் நாரிதாயா தோமெஜிரோவும், நகர நடுவராக இருந்த சாமுராய் நபெஷிமா நாவோதகாவும் ஒரே பூவுக்காக ஒரே அவையில் கூடினார்கள். பிறப்பால் இறுகப் பிரிந்த சமூகத்தில் அது சிறிய விஷயமல்ல.

சீனத் தேயிலைச் செடிகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் ஃபார்ச்சூன் 1860இல் எடோவுக்கு வந்தார். செடி சேகரிப்பதே தொழிலாகக் கொண்ட அவர், மலர் மீதான ஈடுபாட்டில் ஜப்பானின் எளிய மக்கள் தம் நாட்டு எளியோரை மிஞ்சுகிறார்கள் என்று எழுதினார். வெளியூர்க்காரரின் வியப்பு என்று இதை ஒதுக்கலாம். துளையிட்ட கிண்ணங்களை ஒதுக்க முடியாது.

மரபணுத்தொகுதிக்குள் இடம்விட்டு இடம் தாவும் துணுக்குகளே அசாகாவோவின் விந்தை வடிவங்கள் பலவற்றுக்குக் காரணம் என்று 1990களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2016இல் அதன் முழு மரபணுத்தொகுதியும் வெளியானது. ஆய்வுக்குரிய வம்சங்களைக் க்யூஷூ பல்கலைக்கழகம் பாதுகாத்து வருகிறது. எடோவில் தோன்றிய மாறுவடிவங்கள் பல இந்த ஆய்வுக் காலம் வரை உயிரோடு வந்தது, ஒன்றரை நூற்றாண்டாக யாரோ ஒருவர் ஆண்டு தவறாமல் உடன்பிறப்பு விதையை எடுத்துவைத்து மறுபடி விதைத்ததால்தான். இன்று ஜப்பானியத் தொடக்கப்பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகள் பலர் ஆளுக்கொரு தொட்டியில் அசாகாவோவை விதைக்கிறார்கள். கோடை முடிந்ததும் தங்கள் செடியின் விதையைத் தாங்களே பறித்து எடுத்துக்கொள்கிறார்கள்.