சீட் கிடைச்சாச்சு... ஆனா கிளாஸ் புரியலையா? முதலாமாண்டு மாணவர்கள் என்ன செய்யணும்?

பொள்ளாச்சி, அன்னூர், கோபி என சுற்றுவட்டாரத்தின் தமிழ்வழி அரசுப் பள்ளிகளில் படித்துவிட்டு கோவை பொறியியல் கல்லூரிகளுக்கு வரும் மாணவர்கள் பலர். 7.5% உள் ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆனால் முதல் வாரமே பாடம் முழுக்க இங்கிலீஷில் ஓடும்போது, 'நமக்கு இது செட் ஆகாதோ?' என்ற பயம் வந்துவிடுகிறது.

அறிமுகப் பயிற்சி எதற்கு?

இந்தத் தடுமாற்றத்தைக் குறைக்கத்தான், புதிய மாணவர்களுக்கு 3 வார அறிமுகப் பயிற்சியை ஏஐசிடிஇ வகுத்தது. சுமார் 20 மாணவர்களுக்கு ஒரு பேராசிரியர் வழிகாட்டியாக இருக்க வேண்டும் என்பது இதன் முக்கிய அம்சம். கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு இதேபோல் 'தீக்ஷாரம்ப்' என்ற வழிகாட்டியை யுஜிசி 2019-ல் வெளியிட்டது. 'பாடம்தான் நடக்கலையே' என்று இந்த நாட்களில் லீவு போட்டால், உங்கள் வழிகாட்டி யார் என்பதே தெரியாமல் போகும்.

மார்க் எப்படி வருகிறது?

பிளஸ் 2 போல கடைசி நேரத்தில் படித்துச் சமாளிக்க முடியாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் தியரி பாடங்களுக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. வருகைப்பதிவு 75% வேண்டும். கோவையில் தன்னாட்சிக் கல்லூரிகள் அதிகம் என்பதால், உங்கள் கல்லூரி விதியை முதல் வாரமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கைச்செலவுக்கு என்ன வழி?

6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் 'புதுமைப் பெண்', மாணவர்களுக்குத் 'தமிழ்ப் புதல்வன்' திட்டங்களில் மாதம் ரூ.1,000 கிடைக்கும். தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9-ல் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கப்பட்டது. விண்ணப்பம் கல்லூரி மூலமாகவே.

சீனியர்கள் தொல்லை கொடுத்தால்?

'ஜாலிக்குத்தான்' என்று சொன்னாலும் ராகிங் குற்றமே. தமிழ்நாட்டின் 1997-ம் ஆண்டு சட்டப்படி 2 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 1800-180-5522 என்ற இலவச எண்ணில் 24 மணி நேரமும் புகார் செய்யலாம்.

அரியர் விழுந்தால்?

படிப்பு அதோடு முடிந்துவிடாது, மறுபடியும் எழுதி கிளியர் பண்ணலாம். ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம். 'புரியலைங்க சார்' என்று முதல் மாதமே சொன்னால், சரிசெய்துகொள்ள ஒரு செமஸ்டர் முழுசாக மிச்சம் இருக்கும்.