கரிசலிலிருந்து ஓர் அரபுப் பருவம்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார மாணவர்க்கான அயல்நாட்டு மொழிக்கல்வியும் பணிப்பயிற்சியும்

முன்னுரை

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பகுதிகளிலிருந்து அரபு நாடுகளுக்கு ஆள் போவது பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. வடகிழக்குப் பருவமழை பொய்த்து, கம்மாய் நிரம்பாமல், மானாவாரியாக விதைத்த மல்லியும் மிளகாயும் பருத்தியும் கருகிய ஆண்டில் 'சவுதிக்கு விசா வந்திருக்கு' என்ற சொல் பல வீடுகளில் பெரிய நம்பிக்கையாகிறது. நகை அடகுக்குப் போகிறது. ஏஜெண்டுக்குப் பணம் கட்டப்படுகிறது. பையன் விமானம் ஏறுகிறான். அவன் பிழைக்கப் போகும் நாட்டின் மொழியை அவனுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று இப்பகுதியின் எந்தப் பள்ளியும் கல்லூரியும் இதுவரை எண்ணியதாகத் தெரியவில்லை.

பட்டப்படிப்பின் நடுவே ஒரு பருவத்தை அரபு நாடொன்றில் கழித்து, காலையில் மொழி வகுப்பும் மாலையில் பணிப்பயிற்சியும் பெறுவது மேலை நாட்டு மாணவர்க்கு நெடுங்காலமாக வாய்த்த வழி. அந்த வழி, அரபு நாடுகளோடு உழைப்பால் பிணைந்துள்ள நம் வறண்ட வட்டாரத்து மாணவர்க்கே முதலில் உரியது. அதை அரசும் பல்கலைக்கழகமும் பொதுச் செலவில் அமைத்துத் தர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கூற்று.

1. ஒரே மாவட்டம், இரண்டு வரலாறு

1985இல் விருதுநகர் தனி மாவட்டமாகும் வரை அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. கீழக்கரையும் இளையான்குடியும் அதே மாவட்டம். கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களுக்கு அரபு மொழி பல நூற்றாண்டுப் பழக்கம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியர்க்கும் பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவுக்கும் இடையே நடந்த குதிரை வாணிகத்தைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் பதிந்திருக்கிறார். 17ஆம் நூற்றாண்டில் காயல்பட்டினம், கீழக்கரை ஊர்களோடு தொடர்புடைய சதக்கத்துல்லா அப்பா அரபியில் கவிதை இயற்றினார். 19ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் அரூஸிய்யா மதரசாவை வளர்த்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபியிலும், தமிழை அரபு எழுத்தில் எழுதும் அர்வியிலும் நூல்கள் செய்தார். வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரசாவை நிறுவிய அப்துல் வஹ்ஹாப் ஹஸ்ரத் மக்காவுக்குச் சென்று கற்றுத் திரும்பியவர். கடல் கடந்து அரபு கற்று, கற்றதை ஊருக்குக் கொண்டுவந்து ஒரு நிறுவனமாக்குவது தமிழ்நாட்டில் ஏற்கெனவே நடந்த செயல் என்பதற்கு அவர் சான்று.

இந்த மரபு கரையிலிருந்து நம் உள்நாட்டு வட்டாரத்துக்கு வரவில்லை. கரையில் அரபு, சமயத்தோடும் வாணிகத்தோடும் சேர்ந்து வளர்ந்தது. உள்நாட்டில் நெசவும் பருத்தியும் மானாவாரி வேளாண்மையுமே வாழ்வு, அரபு தேவைப்படவில்லை. 1970களுக்குப் பின் எண்ணெய் நாடுகள் ஆள் தேடியபோது உள்நாட்டுக்காரர்களும் புறப்பட்டார்கள். கரைக்காரர்க்கு இருந்த மொழிப் பின்புலமோ அங்கே முன்பே குடியேறிய உறவுக் கூட்டமோ அவர்களுக்கு இல்லை. 2015இல் நடந்த தமிழ்நாடு இடப்பெயர்வு ஆய்வு, மாநிலத்திலிருந்து ஏறத்தாழ 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் வாழ்வதாக மதிப்பிட்டது. 2018இல் நடுவண் அரசு முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலை வெளியிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை விருதுநகரும் இராமநாதபுரமும். வறட்சியைப் பங்கிட்டுக்கொண்ட இவ்விரு மாவட்டங்களும் அரபுக் கல்வியை மட்டும் பங்கிட்டுக்கொள்ளவில்லை.

2. மொழியறியாமையின் விலை

'அங்கே போனால் இந்தியும் மலையாளமும் போதும், அரபு எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. வேலைத்தளத்தைப் பொறுத்தவரை அதில் உண்மை இருக்கிறது. வளைகுடாவில் தொழிலாளர்க்கும் முதலாளிக்கும் இடையே வினைத்திரிபு குறைந்த ஒரு கலப்பு அரபு வழங்குவதை அரபு மொழி ஆய்வாளர் ஜே. ஆர். ஸ்மார்ட் 1990இல் ஆராய்ந்து எழுதினார். சில மாதங்களில் அது எவர் வாய்க்கும் பழகிவிடும். ஏவலைப் புரிந்துகொள்ளவும் கடையில் பேரம் பேசவும் அது போதும்.

சம்பளம் நின்றுபோகும் நாளில் அது போதாது. சவுதி அரேபியத் தொழிலாளர் சட்டத்தின் 9ஆம் பிரிவு, ஒப்பந்தங்களும் பதிவேடுகளும் அரபியில் இருக்க வேண்டும் என்கிறது. வேறு மொழிப் படி சேர்ந்திருந்தாலும் அரபு வாசகமே செல்லும். கத்தாரின் 2004ஆம் ஆண்டு 14ஆம் எண் சட்டமும் குவைத்தின் 2010ஆம் ஆண்டு 6ஆம் எண் சட்டமும் இதே நிலையை எடுக்கின்றன. ஊரில் ஏஜெண்டு காட்டிய ஆங்கிலத் தாளில் ஒரு தொகையும், அங்கே கையெழுத்து வாங்கிய அரபுத் தாளில் வேறொரு தொகையும் இருந்தால் நீதிமன்றத்தில் இரண்டாவதே நிற்கும். இகாமா என்னும் தங்கும் உரிமம் புதுப்பிக்கப்பட்டதா, கபில் எனப்படும் பொறுப்பாளர் 'ஹுரூப்' (ஓடிப்போனார்) என்று புகார் பதிந்துவிட்டாரா, வெளியேற அனுமதி கிடைத்ததா என்பவை அரபியில் பதியப்படும் செய்திகள். தன் தலையெழுத்தை எழுதிய தாளைத் தானே படிக்க முடியாதவன் பிறர் தயவில்தான் நிற்க முடியும்.

நம் ஏற்பாடுகள் இந்தத் தேவையை எட்டவில்லை. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். அவர்களுக்காக 2018 முதல் ஒருநாள் முன்பயிற்சி நடக்கிறது. ஒரு நாளில் மொழி வராது. பத்தாம் வகுப்பும் ஐடிஐயும் டிப்ளமாவும் முடித்த நம் இளைஞர்க்கு அனுமதி தேவையில்லை. அந்த ஒருநாள் பயிற்சியும் அவர்களுக்குக் கட்டாயமில்லை. படித்தவன் தன்னைக் காத்துக்கொள்வான் என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. அரபு மொழியைப் பொறுத்தவரை அவனும் எழுத்தறியாதவனே.

பிற நாடுகளும் அண்டை மாநிலமும் வேறு வழியில் சென்றிருக்கின்றன. இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் மத்திய கிழக்குக்கு வீட்டுப்பணிக்குச் செல்லும் பெண்களின் பயிற்சியில் அடிப்படை அரபியைச் சேர்த்திருக்கிறது. பிலிப்பைன்சும் வீட்டுப்பணியாளர்க்கு மொழிப்பயிற்சி தருகிறது. கேரளத்தில் அரபு, அரசுப் பள்ளிப் பாடமாகவே நெடுங்காலம் நிலைத்திருக்கிறது.

3. ஒரு பருவத்தில் எவ்வளவு கற்கலாம்

அமெரிக்க அயலுறவுப் பணி நிறுவனம் ஆங்கிலம் பேசுவோர்க்கு மிகக் கடினமான மொழிகளுள் அரபியை வைத்து, தொழில்முறைத் தேர்ச்சிக்கு 2200 வகுப்பு மணிநேரம் வேண்டும் என்று கணக்கிடுகிறது. வாரத்துக்கு 25 மணிநேரம் வீதம் 16 வாரம் வெளிநாட்டில் கற்றால் 400 மணிநேரம் ஆகும். புறப்படுமுன் உள்ளூரில் இரண்டு பருவம், பருவத்துக்கு 15 வாரம், வாரத்துக்கு 5 மணிநேரம் படித்தால் இன்னும் 150. ஆகமொத்தம் 550 மணிநேரம், தேவையில் கால்பங்கு. இதைக்கொண்டு மொழிபெயர்ப்பாளராகிவிட முடியாது. எழுத்தைத் தடையின்றிப் படிக்கலாம். ஒப்பந்தத்தில் ஊதியம், காலம், வேலைநேரம், விடுப்பு குறித்த வரிகளை அடையாளம் காணலாம். அலுவலகத்தில் தன் தேவையைச் சொல்லி விடையைப் புரிந்துகொள்ளலாம். இந்த அளவே பெரும் மாற்றம்.

தமிழ் மாணவர்க்கு இங்கே ஒரு மேன்மை உண்டு. எழுத்திலும் மேடையிலும் வழங்கும் ஃபுஸ்ஹாவும் வீட்டிலும் தெருவிலும் வழங்கும் ஆம்மிய்யாவும் வேறுபட்டிருப்பது மேலை நாட்டு மாணவர் பலரை மலைக்க வைக்கிறது. இந்த இரட்டை வழக்கு நிலையை மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் விளக்கியபோது அரபு அவரது முதன்மைச் சான்றுகளுள் ஒன்று. பிரான்சிஸ் பிரிட்டோ 1986இல் இக்கோட்பாட்டைத் தமிழுக்குப் பொருத்தி ஒரு நூலே எழுதினார். 'வந்துக்கிட்டிருக்கான்' என்று பேசி 'வந்துகொண்டிருக்கிறான்' என்று எழுதும் திருச்சுழி மாணவன், ஒரு மொழி இரண்டு நடையில் வாழும் என்பதைப் பள்ளி செல்லும் முன்பே அறிந்தவன். ஆகவே பாடத்திட்டம் முதல் வாரத்திலிருந்தே எழுத்து வழக்கையும் வளைகுடாப் பேச்சு வழக்கையும் இணையாகக் கற்பிக்கலாம். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்க வேண்டியதில்லை.

4. எங்கே கற்பது, என்ன பயிற்சி பெறுவது

2011க்கு முன் அயல்நாட்டு மாணவர் பெரிதும் நாடிய நகரங்களுள் ஒன்று டமாஸ்கஸ். சிரியப் போர் அந்த வாயிலை அடைத்தபின் அம்மான், கெய்ரோ, ரபாத் நகரங்களுக்கு மாணவர் திரும்பினர். ஜோர்தான் பல்கலைக்கழகத்தின் மொழி மையமும் துனிஸின் பூர்கிபா நிறுவனமும் பிறமொழியாளர்க்கு அரபு கற்பிப்பதில் பெயர் பெற்றவை. நம் தேவைக்கு ஓமன் மிகப் பொருந்தும் என்பது என் கருத்து. அங்கே மனா என்னும் உள்நாட்டு ஊரில் பிறமொழியாளர்க்கு அரபு கற்பிப்பதற்கென்றே சுல்தான் காபூஸ் பெயரில் ஒரு கல்லூரி இயங்குகிறது. தலைநகரின் ஆங்கிலச் சூழலிலிருந்து விலகிய அந்த ஊரில் மாணவர் அரபியிலேயே புழங்க வேண்டியிருக்கும்.

ஓமனைச் சொல்ல இன்னொரு காரணம் தண்ணீர். அந்நாட்டின் ஃபலஜ் வாய்க்கால்கள் நிலத்தடி நீரைச் சரிவாலேயே கொண்டுவந்து ஊர்க்கூட்டத்தின் முறைப்படி பங்கிடுகின்றன. சூரிய நிழலையும் விண்மீன்களையும் கொண்டு பாசன முறைநேரத்தைக் கணித்த மரபு அது. ஐந்து ஃபலஜ்கள் 2006இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாயின. கம்மாய், மடை, முறைப்பாசனம் என்ற அமைப்பில் வளர்ந்து, வரத்துக்கால்களைச் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் மாணவர்க்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சிக்களம் அரிது. வறண்ட நில வேளாண்மைக்கான பன்னாட்டு ஆய்வு மையமான இகார்டா 1977 முதல் அரபு நாடுகளை மையமாகக்கொண்டு செயல்படுகிறது. உவர்நில வேளாண்மைக்கான பன்னாட்டு மையம் துபாயில் 1999 முதல் இயங்குகிறது. அருப்புக்கோட்டைக் கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இவற்றுக்கிடையே ஒரு மாணவர் இணைப்பு உருவானால், அங்கே கற்றது இங்கே நிலத்துக்கு வந்து சேரும்.

இரண்டாவது களம் தொழிலாளர் உதவி. இந்தியத் தூதரகங்களின் சமூக நலப் பிரிவுகளுக்குச் சம்பளப் பாக்கி, சடலம் அனுப்புதல், கடவுச்சீட்டு மீட்பு என்று நாள்தோறும் முறையீடுகள் வருகின்றன. தமிழும் ஓரளவு அரபும் அறிந்த மாணவர், வந்தவரின் குறையைக் கேட்டு எழுதிக்கொள்ளவும், விண்ணப்பம் நிரப்பவும், விசாரணைக்கு உடன் செல்லவும் உதவலாம். இந்திய அயலுறவுப் பணியில் அரபு மொழியைத் தேர்ந்தெடுத்த பயிற்சி அலுவலர்கள் கெய்ரோ போன்ற நகரங்களில் தூதரகத்தில் பணியாற்றிக்கொண்டே மொழி கற்கிறார்கள். மொழியும் பணியும் ஒருசேர நடப்பது நம் அரசுக்கு ஏற்கெனவே கைவந்த முறை. அதன் சிறுவடிவத்தை ஒரு கல்லூரி மாணவிக்குத் தருவதில் கொள்கைத் தடை ஏதுமில்லை.

ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. சுற்றுலா விசாவில் சென்று பணிபுரிவது வளைகுடா நாடுகளில் குற்றம். பயிற்சி எந்த விசாவில், எந்த நிறுவனத்தின் பொறுப்பில், எந்த அனுமதியோடு நடக்கிறது என்பது புறப்படுமுன் எழுத்தில் இருக்க வேண்டும். கல்வி என்ற பெயரில் கூலியில்லா வேலை வாங்கும் இடைத்தரகர்க்கு இத்திட்டத்தில் இடமே இருக்கக்கூடாது.

5. மறுப்புகள்

முதல் மறுப்பு: அரபு ஒரு சமயத்தாரின் மொழி. அரபு பேசும் கிறித்துவர்கள் எகிப்திலும் லெபனானிலும் பெருந்தொகையினர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீகம், உருது துறை 1927இல் தொடங்கியது. திருச்சி ஜமால் முகமது கல்லூரி போன்றவற்றில் அரபு பட்டப்படிப்பில் முதற்பகுதி மொழிப்பாடமாக இருக்கிறது. இளையான்குடியில் 1970 முதல் இயங்கும் டாக்டர் ஜாகிர் உசேன் கல்லூரி திருச்சுழிக்குத் தொலைவில் இல்லை. எல்லாச் சமயத்தாரும் வேலைக்குப் போகும் நாட்டின் மொழியை எல்லாச் சமயத்தாரும் கற்க வேண்டும்.

இரண்டாவது: கைபேசி மொழிபெயர்த்துவிடும். மொழிபெயர்க்கும்; உண்மைதான். சட்டச் சொல் ஒன்று பிழையாக மாறினால் அது பிழை என்று கண்டுகொள்ளவும், காவல் நிலையத்தில் கைபேசி வாங்கிவைக்கப்பட்ட பின் பேசவும் மனிதருக்கு மொழி வேண்டும்.

மூன்றாவது: பெண்களை எப்படி அனுப்புவது? வீட்டுப்பணிக்குச் சென்று துன்புறும் பெண்கள் தம் குறையை ஆணிடம் சொல்லத் தயங்குவார்கள். சவுதியின் பொதுத் தொழிலாளர் சட்டம் வீட்டுப்பணியாளரைத் தன் வரம்பில் சேர்க்கவில்லை. அவர்களுக்குத் தனி விதிகள். மொழியறிந்த மாணவிகள் மிகத் தேவைப்படும் இடம் அதுவே. குழுவாக, பேராசிரியை ஒருவரின் துணையோடு, பல்கலைக்கழக விடுதியில் தங்கும் ஏற்பாட்டோடு அனுப்புவதே முறை.

நான்காவது செலவு. நெசவாளி வீட்டுப் பிள்ளையும் மானாவாரி விவசாயி வீட்டுப் பிள்ளையும் தம் பணத்தில் போக முடியாது. ஆகவேதான் இது பொதுச் செலவாக வேண்டும் என்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தால் மாநிலப் பொருளாதாரம் பயன்பெறுகிறது. அனுப்புகிறவரின் பிள்ளைகளுக்கு அதில் ஒரு சிறு பங்கு திரும்புவது சலுகை ஆகாது.

முடிவுரை

2021இல் வந்த கல்வி மதிப்பெண் (கிரெடிட்) வங்கி ஒழுங்குமுறை, ஓரிடத்தில் ஈட்டிய மதிப்பெண்ணை மற்றோரிடத்தில் சேர்க்க வழி செய்கிறது. அயல்நாட்டு நிறுவனங்களோடு இணைந்து கற்பிப்பதற்கான 2022ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு ஒழுங்குமுறை, இணைப்புப் படிப்பில் (twinning) மதிப்பெண்ணில் 30 விழுக்காடு வரை வெளிநாட்டில் ஈட்ட அனுமதிக்கிறது. உயர்ந்த தரமதிப்பீடு பெற்ற நிறுவனங்களுக்கே அந்த வாய்ப்பு என்பதால், திருச்சுழி அரசு கலை அறிவியல் கல்லூரி போன்ற புதிய கல்லூரி தனியே இதைச் செய்ய இயலாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகமே முன்நிற்க வேண்டும். உயர்கல்வித் துறையும் அயலகத் தமிழர் நலத்துறையும் சேர்ந்து செலவை ஏற்க வேண்டும். அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் உள்ள கல்லூரிகளில் இரண்டு பருவ அரபு விருப்பப்பாடம் தொடங்க வேண்டும். அதில் தேறியவர்களிலிருந்து ஆண்டுக்கு ஒரு சிறு குழு மூன்றாம் ஆண்டின் ஒரு பருவத்துக்கு அனுப்பப்பட வேண்டும். திரும்பி வந்தவர்கள் தம் ஊராட்சியில் வெளிநாடு செல்வோரின் ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்லும் மையங்களை நடத்த வேண்டும். முதல் குழு பத்துப் பேராக இருந்தாலும் போதும். பத்து ஊர்களில் இனி எவரும் படிக்க முடியாத தாளில் கையெழுத்திட வேண்டியிராது. இதைத் தொடங்கப் புதுச் சட்டம் தேவையில்லை. பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் ஒரு தீர்மானமும் அரசின் ஓர் ஆணையும் போதும். அவ்விரண்டையும் கேட்டுப் பெறுவது இவ்வட்டாரத்துக் கல்லூரி ஆசிரியர்களாகிய நம் கடமை.